அளவு உன்னுடையது, சட்டை யாருக்கோ

கண்ணா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லத்தான் பார்த்தேன். போன வாரம் உன்னைக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினாங்கடா" என்று நான் ஆரம்பிப்பதற்குள், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். நீயே பாத்து ஓகே சொல்லிடும்மா" என்று வைத்துவிட்டாய். எதற்கு ஓகே என்றுகூடக் கேட்கவில்லை. நான் உனக்குப் பெண் பார்த்திருந்தால்? அதற்கும் நானே ஓகே சொல்லிவிடலாமா? நாவலூரில் நாலு பசங்களோடு ஃப்ளாட் எடுத்துத் தங்கி, வேலைக்குப் போக ஆரம்பித்து முழுசாய் ஒரு சம்பளம் வாங்கவில்லை, அதற்குள் பெத்தவளிடம் பேசுகிற பேச்சு மேனேஜர் பேச்சாகிவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நீ சொன்னாயே அந்த வார்த்தை, "நீயே பாத்து சொல்லிடு", அதை நானும் ஒரு நாள் ஒருவரிடம் சொன்னவள்தான். உன் விஷயத்தில்தான் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் உன்னிடமிருந்து அதை ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. இன்று காலையிலிருந்து தாம்பரம் முழுக்க கரண்ட் இல்லை, தையல் மிஷின் மோட்டார் ஓடாது, கடையில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. நீயும் கொஞ்சம் உட்கார்ந்து படி. மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் வைத்துப் படிக்காதே.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எட்டு வயதில் சிறுநீரக வியாதி வந்ததும், ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போனதும் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அங்கே ஒரு மருந்து ஆராய்ச்சியில் உன்னையும் சேர்த்திருந்தோம். அப்போது உன் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, பின்னால் உதவும் என்று குளிர்பெட்டியில் வைத்தார்கள். அது இன்னும் அங்கே பத்திரமாக இருக்கிறதாம். உன்னைப் பார்த்த அதே டாக்டரம்மாதான் கூப்பிட்டார். இந்த வியாதி சில பிள்ளைகளுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க அந்த ரத்தத்தை இனிமேலும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அழித்துவிடவா என்று கேட்க வேண்டுமாம். நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன டாக்டர், தாராளமா வெச்சுக்கோங்க" என்றேன். "நீங்க சொல்லக் கூடாதும்மா. அவர்கிட்டதான் கேக்கணும்" என்றார். நான், "அவரு காட்டாங்குளத்தூர் போயிருக்காரே, காலேஜ் ஆபீஸ் விட்டு சாயந்திரம்தான் வருவாரு" என்றேன். அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் இல்லம்மா, உங்க பையனைச் சொன்னேன்" என்றார். அட கடவுளே! இந்த வீட்டில் அவர் என்றால் இருபத்தைந்து வருஷமாக ஒரே ஒருத்தர்தான். உன்னை ஒருவர் அவர் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. போனை வைத்த பிறகு வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். உன் அப்பா வந்ததும் அவரிடம் சொன்னேன், அவர் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

நீ பதில் சொல்வதற்கு முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரிய வேண்டும். உன் வியாதியை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான், ஆனால் கண்டுபிடித்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. உன் ஸ்கூல் டிரவுசர் இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. எலாஸ்டிக் தடம் தோலில் பதிந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒல்லிப்பிச்சானாகவே இருந்த பிள்ளைக்குக் கடைசியில் சதை போட்டுவிட்டது என்று சந்தோஷமாக உள்தையலைப் பிரித்து, இடுப்பை லூசாக்கிக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் பெருமை வேறு. அடுத்த வாரம் காலையில் எழுந்தபோது உன் கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியவில்லை. அப்புறம்தான் தெரு முனை டாக்டர், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரில் புரதம் போகிறது, அதனால் உடம்பு நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. முகம் மட்டும் பூரி மாதிரி உப்பியது, அது மாத்திரையால் வருவது என்றார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி உனக்கு. இட்லித் தட்டை எடுத்து வைப்பதற்குள் காலி செய்வாய். தினமும் காலையில் உன் அப்பா கண்ணாடிக் குழாயில் உன் யூரினை ஊற்றிச் சூடு காட்டிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் நல்லது, வெள்ளையாகத் திரிந்தால் வியாதி திரும்பிவிட்டது என்று அர்த்தம். அவர் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும்போது நான் சாமி விளக்கு முன்னால் நிற்பேன். பார்க்கத் தைரியம் கிடையாது.

மாத்திரைக் காலம் முடியப் போகும் சமயத்தில் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, ஒரு ட்ரையல் நடக்கிறது, உங்கள் பையனைச் சேர்க்க விருப்பமா என்று கேட்டார். ட்ரையல்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. எனக்குத் தெரியாத ட்ரையலா? தினமும் பத்துப் பேர் என் கடையில் திரைக்குப் பின்னால் போய் ட்ரையல் பார்க்கிறார்கள். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பது, கை பிடிக்கிறதா, பிரித்துவிடுவது, தோள் இறங்குகிறதா, ஒரு நூல் உள்ளே பிடிப்பது. யார் உடம்புக்குத் தைக்கிறோமோ அவர்கள் உடம்புக்குக் கச்சிதமாக உட்கார வைப்பதற்குத்தானே ட்ரையல்? மாத்திரையையும் உன் உடம்புக்குச் சரியாக வருகிற வரை போட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு, இவ்வளவு கூட்டத்தில் என் பிள்ளைக்கென்று தனியாகப் பார்க்கிறேன் என்கிறாரே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் விளக்கிக்கொண்டே போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நடுவிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கென்ன தெரியும் டாக்டர். நீங்களே பாத்து செய்யுங்க" என்றேன். உன் அப்பா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

டாக்டரம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போது அவருக்குச் சின்ன வயதுதான், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். "நான் பாக்குறது இருக்கட்டும்மா. நீங்க பாத்தீங்களா? நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்னு இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் ஒண்ணும் தெரியாதவள்னு வெச்சுக்கோங்க" என்றார். நான் டக்கென்று சொன்னேன். "என் பையன் உடம்புக்கு மாத்திரைய ட்ரையல் பாப்பீங்க. பத்தலன்னா கூட்டுவீங்க, ஜாஸ்தின்னா கொறைப்பீங்க. அவனுக்குச் சரியா வந்ததும் அதையே குடுப்பீங்க." அவர் என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். டெய்லர் என்றதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வழக்கமான மாத்திரை முடிந்ததும் நிறுத்திவிடுவதா, இல்லை இன்னும் சில மாதம் கொஞ்சமாகத் தொடர்ந்தால் வியாதி திரும்ப வராமல் இருக்குமா, அது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். பெரிய டாக்டர்களுக்கும் தெரியாதாம். அதனால் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிஜ மாத்திரை, இன்னொரு பிரிவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத டம்மி மாத்திரை. எந்தப் பிள்ளைக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி போட்டுவிடும். நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "உங்க பையனுக்கு எது நல்லதுன்னு பாத்து நான் குடுக்கப் போறதில்லம்மா. அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். இதுல தெரிய வர்றது இனிமே வரப்போற பிள்ளைங்களுக்குத்தான் உதவும்" என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, "இது என்ன டாக்டர் நியாயம்? அளவு என் பையனுது, சட்டை வேற யாருக்கோவா?" என்று கத்திவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். டாக்டரம்மா மட்டும் முகத்தைச் சுளிக்கவே இல்லை. "கரெக்டும்மா. இப்பதான் உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நான் இத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், இவ்வளவு தெளிவா யாரும் திருப்பிச் சொன்னதில்ல" என்றார். கோபமாக இருந்தவளைப் பாராட்டினால் என்ன செய்வது? திரும்ப உட்கார்ந்தேன். அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு அடுத்த தடவை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பேசினோம் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. சண்டை போட்டோம். உன் அப்பாவுக்கு ஒரே பயம். "வேணாம்னு சொன்னா டாக்டர் கோச்சுப்பாங்க. அப்புறம் நம்ம பிள்ளைய யார் சரியா பாப்பாங்க?" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரிலிருந்து உன் மாமா ஆட்டோவில் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். என் அண்ணன் பேச்சு உனக்குத் தெரியாததா? "இன்னாம்மா இது பேஜாரா கீது. ஆராய்ச்சின்னா எலிக்குப் பண்றது. நம்ம புள்ளைய இட்டுகினு போய் எலியா குடுக்கப் போறியா? ஒண்ணு கேக்குறேன், அந்த டாக்டரம்மா அவங்க வூட்டுப் புள்ளைய குடுப்பாங்களா?" என்றான். நீ அப்போது உள்ளறையில் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கேள்வி எனக்குள் மாட்டிக்கொண்டது. ஜாக்கெட் கை வைக்கும்போதெல்லாம் அதுதான் ஓடும். ஒரு கஸ்டமருக்கு இரண்டு கையும் இடது கையாக வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அடுத்த தடவை போனபோது அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். ஒரு டாக்டரை இப்படிக் கேட்கலாமா என்று வழியெல்லாம் ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன். பல்லாவரம் வரும்போது கேட்கலாம் என்று இருக்கும், கிண்டி வரும்போது வேண்டாம் என்று இருக்கும். டாக்டரம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்காம்மா. அவளுக்கு இந்த வியாதி இல்ல. இருந்து, என்கிட்ட யாராவது கேட்டிருந்தா, நானும் உங்கள மாதிரிதான் தூக்கம் கெட்டிருப்பேன். குடுத்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியமா குடுத்திருப்பேன்னு இங்க உக்காந்து சொல்றது சுலபம், அதனால சொல்ல மாட்டேன்" என்றார். கண்ணா, அந்த ஒரு பதிலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. உடனே "ஆமாம்மா, கண்டிப்பா" என்று பளிச்சென்று சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். உன் அப்பாவின் பயத்தையும் நானே கேட்டுவிட்டேன். "வேணாம்னா இதே வைத்தியம், இதே டாக்டர், இதே நாற்காலிதான். நடுவுல போகணும்னாலும் போகலாம், காரணம்கூட சொல்ல வேணாம்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். உனக்கு அதுவரை கொடுத்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் எப்படித் தெரிந்தது? முன்னால் எங்கேயோ சில பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. யாரோ ஒரு அம்மா எங்கேயோ உட்கார்ந்து, என்னைப் போலவே பயந்துகொண்டு, சரி என்று சொல்லியிருக்கிறாள். அவள் பிள்ளை அளவில் தைத்த சட்டையைத்தான் நீ போட்டுக்கொண்டு வீக்கம் வடிந்து உட்கார்ந்திருந்தாய். அவள் யார், எந்த ஊர், என்ன பாஷை பேசுவாள், ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் விளக்கு ஏற்றும்போது முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் ஏற்றுகிறேன். அன்றைக்கு நான் சரி என்று சொன்னது அவளுக்குச் செய்கிற நன்றியாகத்தான்.

நான் சரி என்றதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். "இருங்கம்மா, அவன்கிட்டயும் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பாக இருந்தது. "அவனா? தலைக்கு எண்ணெய் வைக்கவே ஊரைக் கூட்டுறவன், அவன்கிட்ட என்ன டாக்டர் கேக்குறது?" என்றேன். அவர் கேட்டார். உன் உயரத்துக்குக் குனிந்து, நிஜ மாத்திரை, டம்மி மாத்திரை, ரத்தம் எடுப்பது எல்லாம் சொன்னார். நீ காலை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "எனக்கு டம்மி வந்தா என்கிட்ட சொல்வீங்களா?" என்றாய். "எனக்கே தெரியாதுடா" என்றார். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?" "கம்ப்யூட்டருக்கு." உனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்களுக்கே தெரியாத ஒரு ரகசியம். பிறகு பெரிய மனுஷன் மாதிரி, "சரி. ஆனா ஊசி இடது கையில மட்டும்தான். வலது கை பேட் பிடிக்கிற கை" என்றாய். அவர் சிரிக்காமல் அதை உன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கடைசிவரை ஒரு தடவைகூட வலது கையில் குத்தவில்லை. ஒரு நாள் புதிதாக வந்த நர்ஸ் வலது கையைப் பிடித்தபோது நீ காகிதத்தைக் காட்டி வாதாடியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது குளிர்பெட்டியில் இருக்கிறதே, அது உன் இடது கை ரத்தம்.

நடுவில் ஒரு தடவை நான் ஆடிய ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் மாமா சொல்லிவிடுவான். ஆராய்ச்சி மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருந்தது. ஒரு காலையில் உன் அப்பா குழாயை வெளிச்சத்தில் பிடித்தார், அப்படியே கீழே இறக்கினார். வெள்ளையாகத் திரிந்திருந்தது. அவ்வளவுதான், எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. டம்மி! என் பிள்ளைக்கு டம்மி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். மாமா ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், "மருந்தில்லாத மாத்திரைய குடுத்து என் பிள்ளைய கெடுத்துட்டீங்களே" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவர் முதலில் உன்னைப் படுக்க வைத்துப் பார்த்தார், வழக்கமான நிஜ மருந்தை அப்போதே ஆரம்பித்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார். "விலகணும்னா விலகலாம்மா. நான் முதல்லயே சொன்னேன், இப்பவும் அதேதான்" என்றார். விலகுகிறேன் என்றுதான் நான் சொன்னேன். நீ கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, வீங்கின கண்ணைப் பாதி திறந்து, "நீ வேணா வராத. நான் மாமா ஆட்டோல வந்துக்கிறேன். பாதி மேட்ச்ல எழுந்து போய்ட்டா அவுட்டா நாட் அவுட்டான்னு யாருக்கும் தெரியாதும்மா" என்றாய். உன் மாமா, எலி என்று சொன்ன அதே மனுஷன், "இன்னா தில்லு பாரேன் இவனுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். கண்ணைத் துடைக்கத்தான் போனான். உன்னிடமும் கேட்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் தொடர்ந்தோம்.

எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துப் பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். மாத்திரையைக் கூடுதலாகச் சில மாதம் கொடுத்ததால் பெரிதாக ஒரு வித்தியாசமும் இல்லையாம். அதனால் இனி வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் மாதங்கள் தேவையில்லை. அந்தப் பசி தேவையில்லை, அந்த உப்பின முகம் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் பூசணி என்று பட்டப்பெயர் தேவையில்லை. அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். உனக்குக் கொடுத்தது நிஜ மாத்திரை, கண்ணா. நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அன்றைக்கும் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தது நிஜ மாத்திரைதான். நிஜத்தைச் சாப்பிட்டும் வியாதி திரும்பியது. அதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள நினைத்தார்களாம். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் டாக்டரம்மாவிடம் போய், "ஒரு ஜாக்கெட்டாவது தெச்சுத் தர்றேன் மேடம், அளவு ஜாக்கெட் குடுங்க" என்றேன். "அதெல்லாம் வாங்கக் கூடாதும்மா. நீங்க அன்னிக்குக் கத்தினீங்களே, அதை நான் இப்ப ஸ்டூடண்ட்ஸுக்குப் பாடமா சொல்லிட்டிருக்கேன்" என்றார். எந்தக் கத்தலை என்று கேட்டேன். சட்டையைப் பற்றிக் கத்தியதையாம். என் மானம் எத்தனை வகுப்பில் போகிறதோ.

அந்த ஆராய்ச்சியால்தான் நீ பிழைத்தாய் என்று நான் கதை கட்ட மாட்டேன். அப்படி இல்லை. அதற்கப்புறமும் இரண்டு தடவை வீங்கினாய். மீசை அரும்புகிற வயதில் வியாதி தானாக விட்டுப்போனது. நிறையப் பிள்ளைகளுக்கு அப்படி விட்டுப்போகுமாம். உன்னிடமிருந்து எடுத்தது உனக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் போன வருஷம் நம் தெருவில் குடிவந்தவர்களின் சின்னப் பையனுக்கு இதே வியாதி வந்தது. அவன் அம்மா என் கடையில் உட்கார்ந்து அழுதாள். மாத்திரை எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொன்னாள். கூடுதல் மாதங்கள் இல்லை. நான் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு, அந்தப் பிள்ளை போட்டிருப்பது உன் அளவில் தைத்த சட்டை என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுளுக்கு, டாக்டரம்மாவுக்கு, முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு, எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொன்னதில்லை. பெத்த பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நினைத்திருப்பேன். இப்போது சொல்கிறேன். உன் இடது கைக்கு என் நன்றி.

என் ஆசை என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும், மறைக்க எனக்கு வராது. அந்த ரத்தத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அது என் ஆசை, என் ரத்தம் இல்லை. அதனால் என் முகத்துக்காகச் சரி என்று சொல்லாதே. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல், எனக்கு வருத்தம் இருக்கும், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். உன் கட்டைவிரலை நான் பார்த்திருக்கிறேன். போனில் எது வந்தாலும் படிக்காமல் ஐ அக்ரீ, ஐ அக்ரீ என்று அழுத்திக்கொண்டே போவாய். அந்த விரலை இதில் கொண்டுவராதே. டாக்டரம்மா உன்னைக் கூப்பிடுவார். மீட்டிங்கில் இருந்தால் வெளியே வந்து பேசு. அந்த ரத்தத்தில் எதைப் பார்க்கப் போகிறார்கள், உன் பெயர் வெளியே போகுமா, பின்னால் மனசு மாறினால் திருப்பிக் கேட்கலாமா, எல்லாம் கேள். முட்டாள்தனமாகத் தோன்றுகிற கேள்வியைக் கண்டிப்பாகக் கேள், உன் மாமா கேள்விதான் கடைசியில் எனக்கு உதவியது. கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களிடம் எதற்கும் சரி என்று சொல்லாதே. இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லை. உன் ஆபீஸுக்கும்தான், நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கும்போதும்தான். முடிவில் டாக்டரம்மா, நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்பார். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். அப்போது முழிக்காதே, அம்மா பெயரைக் கெடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நீலச் சட்டை ஒன்று தைத்திருக்கிறேன், காலர் மட்டும் பாக்கி, ட்ரையல் பார்க்க வேண்டும். இது என் ட்ரையல், உனக்கே உனக்கானது, தோள் இறங்கினால் பிரித்துத் தைத்துத் தருவேன். ரத்த விஷயத்தில் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அன்றைக்கு அந்த நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த உன்னிடமும் கேட்டார்கள். இன்றைக்கு உன்னிடம்தான் கேட்கிறார்கள். சட்டைக்கு வேண்டுமானால் என்னிடம் கேள்.

உன் அம்மா